பச்சை விளக்கு பக்தர்களுக்கு ஒரு மஞ்சக் கடுதாசி

ரெண்டு மாசமா ஆணி அதிகம். அதனால இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. இன்னிக்கு வந்ததுக்கு ஒரே காரணம் வயித்தெரிச்சல் தான். மொக்கையை எதிர்பார்த்து வந்த மக்கள் மன்னிக்கவும், இது கொஞ்சம் நீளமான, கொஞ்சம் டெக்னிக்கலான திட்டு. அலுவலகத்தில் வாயைத் திறந்தா அப்ரைசல்ல கை வைப்பாங்க. இங்க திறந்தா நாலு பேர் பின்னூட்டத்துல திட்டுவீங்க. ரெண்டாவது எவ்வளவோ பரவாயில்லை.

விஷயம் இது தான். போன வாரம் எங்க டேமேஜர் (எழுத்துப்பிழை இல்லை) ஒரு ரிக்வயர்மென்ட் அனுப்பினார். "மைனர் அலாரம் எல்லாத்தையும் ஒரே கிளிக்கில் மறைக்க ஒரு பட்டன் வேண்டும். வாடிக்கையாளரின் மேலிடம் பார்வையிட வரும் நாளில் திரை பச்சையாக இருக்க வேண்டும்." அவ்வளவு தான் மெயில். கீழே வழக்கம் போல கைண்ட் ரிகார்ட்ஸ்.

நான் என்ன பொட்டி தட்டறேன்னு தெரியாதவங்களுக்கு ஒரு பாரா. தொலைபேசி நெட்வொர்க், டேட்டா சென்டர், மின்சார சப்-ஸ்டேஷன், பங்குச் சந்தை எல்லா இடத்துலயும் துல்லியமா நேரம் சொல்ல ஒரு பெட்டி உண்டு. கூரை மேல ஒரு ஜிபிஎஸ் ஆன்டெனா. பெட்டிக்குள்ள சூடு மாறாம அடைகாக்கப்பட்ட ஒரு குவார்ட்ஸ் படிகம், காசு இருந்தா ருபீடியம். சாட்டிலைட்ல இருந்து வர்ற நேரத்தை வச்சு அந்தப் படிகத்தோட காதைத் திருகித் திருகி நேர் பண்ணி, நெட்வொர்க் மொத்தத்துக்கும் நேரம் ஊட்டும். ஆன்டெனா போச்சுன்னா, படிகம் தன் ஞாபகத்துல கொஞ்ச நேரம் ஓட்டும். இதுக்குப் பேரு ஹோல்டோவர். இந்தப் பெட்டிகள் கத்தற கத்தலை எல்லாம் வாங்கி, கன்ட்ரோல் ரூம் திரையில சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சைன்னு காட்டற மென்பொருள் தான் என் ஆணி.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். அலாரத்தை மூடி வைக்கறதும் ஒரு செட்டிங் தான். வேற எந்த செட்டிங்கை மாத்தினாலும் யாரு, எதுக்கு, எப்ப வரைக்கும்னு கேக்கறோம். இதுக்கு மட்டும் யாரும் கேக்கறதில்லை. அதை விட மோசம், மூடி வச்ச அலாரத்தோட சேர்த்தே கான்ஃபிக் ஃபைலை சேவ் பண்ணி, ஊரெல்லாம் ஜெராக்ஸ் போடறோம்.

"ஏம்பா, ஒரு கடிகாரத்துக்கா இவ்ளோ அலப்பறை?"ன்னு கேப்பீங்க. கடிகாரங்கறதால தான். ரவுட்டர் செத்தா நெட் போயிடும், ஊரே கத்தும். டிஸ்க் நிறைஞ்சா அப்ளிகேஷன் விழுந்துடும். ஆனா தப்பா ஓடற கடிகாரம், சரியா ஓடற கடிகாரம் மாதிரியே தான் இருக்கும். அதே பணிவோட நேரம் சொல்லும். வாங்கிக்கறவனுக்கு வித்தியாசம் தெரியாது. நமக்கு இருக்கற ஒரே தடயம் அந்தப் பெட்டி தானே முன்வந்து "எனக்கு உடம்பு சரியில்லை"ன்னு சொல்றது. அதோட வாயைத் தான் நாம முதல்ல பொத்தறோம்.

ஒரு கதை சொல்றேன். கம்பெனி பேரு, ஊரு பேரு எல்லாம் கேக்கப்படாது.

ஒரு தொலைபேசி கம்பெனி. கடலோரமா வரிசையா டவர்கள். 4ஜி, 5ஜியில டிடிடி ரகம்னு ஒண்ணு உண்டு. ஒரே அலைவரிசையில கொஞ்ச நேரம் பேசறது, கொஞ்ச நேரம் கேக்கறது. ஒரு டவர் கேட்டுக்கிட்டு இருக்கும் போது பக்கத்து டவர் பேச ஆரம்பிச்சா காரியம் கெட்டுது. அதனால எல்லா டவரும் ஒரே நேரத்துல வாயை மூடி, ஒரே நேரத்துல திறக்கணும். இதுக்கு அனுமதிக்கப்பட்ட தப்பு கூட்டியோ குறைச்சோ 1.5 மைக்ரோ செகண்ட். ஒளியே அந்த நேரத்துல 450 மீட்டர் தான் போகும்.

முதல் சைட்ல பெட்டியை வச்சாங்க. அங்க ஏற்கனவே ஒரு ஜிபிஎஸ் ஆன்டெனா இருந்ததால, ஸ்ப்ளிட்டர் போட்டு அதுலயே பகிர்ந்துக்கிட்டாங்க. ஸ்ப்ளிட்டர்ல ஒரு பக்கம் தான் ஆன்டெனாவுக்கு மின்சாரம் கொடுக்கும், மத்த பக்கம் அடைச்சிருக்கும். நம்ம பெட்டி "நான் கொடுக்கற கரண்டை யாருமே எடுக்கலையே, ஆன்டெனா கழண்டு போச்சா?"ன்னு மஞ்சள் அலாரம் போட்டுது. நியாயமான சந்தேகம். இதுக்கு நியாயமான மருந்தும் உண்டு. அடைச்ச பக்கத்துல 200 ஓம் சுமை வச்ச ஸ்ப்ளிட்டர் கடையிலயே கிடைக்குது, பெட்டி அதைப் பார்த்து சமாதானமாயிடும். ஆனா கமிஷனிங் பண்ண வந்த மகராசன் ரெண்டு கிளிக்கில் அந்த அலாரத்தை மாஸ்க் பண்ணிட்டாரு. திரை பச்சை. கையெழுத்து வாங்கியாச்சு. அன்னிக்கு அந்த சைட்டுக்கு அது பெரிய தப்புன்னு கூட நான் சொல்ல மாட்டேன்.

அடுத்து என்ன? அந்தப் பெட்டியோட கான்ஃபிக்கை சேவ் பண்ணி, ஃபைலுக்கு ஃபைனல்-நியூ-2 அப்படின்னு பேரு வச்சு (உலகத்துல எல்லா நாசத்துக்கும் ஃபைல் பேரு இது தான்), ஐபி முகவரியை மட்டும் மாத்தி மத்த சைட்டுக்கெல்லாம் ஏத்திட்டாங்க. மத்த சைட்கள்ல ஸ்ப்ளிட்டரே கிடையாது. ஒவ்வொண்ணுக்கும் சொந்த ஆன்டெனா. அங்க "ஆன்டெனா கரண்ட் இல்லை"ங்கறது பொய் அலாரம் இல்ல, உயிர் அலாரம். அதுவும் சேர்ந்து ஊமையாயிடுச்சு.

கடல் காத்து, மழை. ஒரு சைட்ல ஆன்டெனா கனெக்டர்ல தண்ணி இறங்கி களிம்பு பிடிச்சுது. மழை பெஞ்சா சிக்னல் போகும், வெயில் அடிச்சா திரும்பி வரும். போற ஒவ்வொரு தடவையும் பெட்டி ஹோல்டோவருக்குப் போகும். இங்க தான் இன்னொரு செட்டிங் விளையாடுது. ஹோல்டோவர்ல எவ்வளவு நேரம் வரைக்கும் "நான் இன்னும் நம்பகமானவன் தான்"னு பெட்டி கீழே இருக்கறவங்களுக்குச் சொல்லலாம்? அந்த ஃபைல்ல 24 மணி நேரம்னு இருந்தது. கடிகார வகுப்பு 6னா சாட்டிலைட்டோட பூட்டிக்கிட்டு ஓடறேன்னு அர்த்தம். 7னா ஹோல்டோவர், ஆனா வரம்புக்குள்ள தான் இருக்கேன்னு அர்த்தம். 24 மணி நேரமும் பெட்டி 7, 7ன்னு சத்தியம் பண்ணும். படிகம் அந்த சத்தியத்தைக் காப்பாத்துமா? கணக்கு போட்டுப் பாருங்க. ஆயிரம் கோடியில் ஒரு பங்கு வேகம் தப்பினா, 1.5 மைக்ரோ செகண்ட் தாண்ட 15,000 வினாடி போதும். நாலு மணி பத்து நிமிஷம். மிச்ச இருபது மணி நேரம் பெட்டி பொய் சொல்லுது. அதுவா சொல்லலைங்க, நாம சொல்ல வச்சோம்.

மழை பெஞ்சா சுத்துப்பட்டு டவர்கள்ல கால் கட் ஆகும். வெயில் வந்தா சரியாகும். ரேடியோ டீம் வாரக்கணக்கா அலைஞ்சாங்க. ஆன்டெனாவைச் சாய்ச்சுப் பார்த்தாங்க, பவரைக் குறைச்சுப் பார்த்தாங்க, எவனோ ஜாமர் வச்சிருக்கான்னு கூட ஒரு தியரி ஓடுச்சு. கன்ட்ரோல் ரூம்ல கேட்டா "டைமிங் எல்லாம் பச்சை சார்". கடைசியில ஒரு டெக்னீஷியன் அண்ணன், டவர் வேலைல பழம் தின்னு கொட்டை போட்டவர், மேல ஏறி கனெக்டரைக் கழட்டிப் பார்த்தாரு. உள்ளே பச்சைக் களிம்பு. கீழே இறங்கி வந்து என்கிட்ட சொன்னது இது: "தம்பி, உங்க திரையும் பச்சை, இதுவும் பச்சை. எது நெசம்னு நீயே பாத்துக்க."

அப்புறம் அந்தப் பெட்டியோட உள் லாகை இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மழைக்கும் தேதி, மணி, நிமிஷம் போட்டு "ஆன்டெனா கரண்ட் இல்லை"ன்னு எழுதி வச்சிருந்தது. மாஸ்க் பண்ணினதால வெளியே அனுப்பல, அவ்வளவு தான். எனக்கு நிஜமாவே பாவமா இருந்தது.

சரி, கதை முடிஞ்சுது, திட்டுக்கு வருவோம்.

சேவ் பண்ணின ஃபைல்னா அது என்னமோ சாமி பிரசாதம் மாதிரி எல்லாருக்கும் பிட்டுக் கொடுக்கற சமாச்சாரம்னு நினைக்கறாங்க. டைமிங் பெட்டியோட கான்ஃபிக்ல பாதி அந்த இடத்துக்கே உரியது. கேபிள் நீளத்தையே எடுத்துக்குங்க. ஆன்டெனா கேபிள்ல சிக்னல் வர மீட்டருக்கு 4லிருந்து 5 நானோ செகண்ட் ஆகும். 20 மீட்டர் கேபிள் வச்ச சைட்டோட ஃபைலை 80 மீட்டர் கேபிள் சைட்ல ஏத்தினா, 240லிருந்து 300 நானோ செகண்ட் தப்பு அங்கேயே உக்காந்துடும். மொத்த பட்ஜெட்டே 1500 நானோ செகண்ட், ஞாபகம் இருக்கட்டும். இந்தத் தப்புக்கு எந்த அலாரமும் வராது. வரவும் முடியாது. பெட்டி தன் கான்ஃபிக்கை நம்பித் தான் உலகத்தையே அளக்குது, கான்ஃபிக்கே தப்புன்னா அது யாரை வச்சு அளக்கும்?

ஆன்டெனா இருக்கற இடமும் அப்படித்தான். நிலையா நிக்கற பெட்டிகள்ல இடத்தை ஒரு தடவை அளந்து சேவ் பண்ணி வச்சுட்டு, அதுக்கப்புறம் நேரத்தை மட்டும் கணக்குப் போடும். 300 மீட்டர் தப்பினா ஒரு மைக்ரோ செகண்ட் வரைக்கும் தப்பலாம். அடுத்த ஊரோட இடத்தைக் கொண்டு வந்து ஏத்தினா பெரும்பாலும் பெட்டியே "இடம் சந்தேகமா இருக்கு"ன்னு ஒரு மைனர் அலாரம் போடும். மைனர் அலாரம்! அதான் என் டேமேஜர் ஒரே கிளிக்கில் மறைக்கச் சொல்ற ஜாதி.

பெட்டி செய்யறவங்க மட்டும் யோக்கியமா? பல பெட்டிகள்ல பேக்கப் எடுத்தா புரியாத பைனரி மூட்டையா கிடைக்கும். போன மாச ஃபைலுக்கும் இந்த மாச ஃபைலுக்கும் என்ன வித்தியாசம்னு பார்க்க வழியே கிடையாது. நாங்க மூணு வரி ஸ்கிரிப்டைக் கூட கிட்ல போட்டு, யாரு எந்த வரியை மாத்தினாங்கன்னு பார்க்கறோம். நகரமே நம்பி ஓடற கடிகாரத்துக்கு அந்த மரியாதை இல்லை. போதாக்குறைக்கு ஓடற செட்டிங் வேற, சேவ் ஆன செட்டிங் வேற. மாத்திட்டு சேவ் பண்ணாம போயிடுவாங்க. ரெண்டு வருஷம் ஜம்முனு ஓடும். ஒரு நாள் யுபிஎஸ் காலை வாரும், பெட்டி எந்திரிச்சு வரும் போது ரெண்டு வருஷத்துக்கு முந்தின ஆளா வரும். கேட்டா "சாஃப்ட்வேர் பக் சார்".

செட்டிங் ஒண்ணு என்ன வேலை பண்ணும்னு நம்பாதவங்களுக்கு ரெண்டு ஊரறிஞ்ச சம்பவம்.

ஜனவரி 26, 2016. எஸ்விஎன் 23ன்னு ஒரு பழைய ஜிபிஎஸ் சாட்டிலைட்டை ஓய்வு கொடுத்து அனுப்பும் போது, தரைக் கட்டுப்பாட்டுல நடந்த கோளாறால 15 சாட்டிலைட்டுகள் யுடிசி நேரத்துக்கான திருத்தத்தை 13 மைக்ரோ செகண்டுக்கு மேல தப்பா ஒலிபரப்பின. 12 மணி நேரத்துக்கு மேல இது நீடிச்சுது. வழி காட்டற ஜிபிஎஸ்ஸுக்கு ஒண்ணும் ஆகல, ஏன்னா இடம் கண்டுபிடிக்க அந்தத் திருத்தம் தேவையில்லை. நேரம் வாங்கறவங்க தான் மாட்டினாங்க. அதுலயும் எல்லாரும் இல்லை. ஜிபிஎஸ் நேரத்தையே நேரடியா வச்சு ஓட்டற மாதிரி செட் பண்ணின பெட்டிகள் தப்பிச்சுது, யுடிசிக்கு மாத்திக் கொடுக்கற மாதிரி செட் பண்ணின பெட்டிகள் பல மாட்டுச்சு. ஒரே ஆன்டெனா, ஒரே வானம், ஒரு வரி செட்டிங். இங்கிலாந்துல தொலைத்தொடர்பு கம்பெனிகளுக்கு மணிக்கணக்கா அலாரம் கொட்டுச்சுன்னு அப்ப செய்தி வந்தது. கொட்டினவங்க கொடுத்து வச்சவங்க. மாஸ்க் பண்ணி வச்சிருந்தவங்களுக்கு அது இன்னொரு சாதாரண செவ்வாய்க்கிழமை.

இன்னொண்ணு நவம்பர் 19, 2012. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தோட ரெண்டு என்டிபி சர்வர்கள் கொஞ்ச நேரத்துக்கு "இது 2000ம் வருஷம்"னு சொல்லிட்டுது. உலகத்துலயே மரியாதையான கடிகாரக் கடை அது. அங்கேயே இப்படின்னா நாம எம்மாத்திரம். என்டிபி மென்பொருள்ல தொழிற்சாலையிலயே வர்ற ஒரு வரம்பு உண்டு. 1000 வினாடிக்கு மேல வித்தியாசம்னா "இது எனக்குச் சரியாப் படல"ன்னு சொல்லிட்டு உயிரை விட்டுடும், நேரத்தை மாத்தாது. அந்த வரம்பு வேலை செஞ்ச இடங்கள் பிழைச்சுது. என்ன வந்தாலும் ஏத்துக்கோன்னு திறந்து வச்சிருந்த இடங்கள்ல, பல விண்டோஸ் டொமைன்கள் உட்பட, பன்னெண்டு வருஷம் பின்னாடி போய் லாகின் கூட பண்ண முடியாம நின்னாங்க. வரம்புங்கறது யாரோ போட்ட ஒரு எண் தான். ஆனா அதை யோசிச்சுப் போட்டவனுக்கும் யோசிக்காம எடுத்தவனுக்கும் நடுவுல பன்னெண்டு வருஷம்.

இப்ப எதிர்க்கட்சி வாதம். "அலாரம் ரொம்ப அதிகமா வருது, எல்லாத்தையும் காட்டினா முக்கியமானது முங்கிடும்." ஒத்துக்கறேன். நூத்துக்கு நூறு ஒத்துக்கறேன். 1994 ஜூலையில் வேல்ஸ் நாட்டு மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடிச்சப்ப, வெடிக்கறதுக்கு முந்தின 11 நிமிஷத்துக்குள்ள ரெண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரம் வந்துதுன்னு விசாரணை அறிக்கையே சொல்லுது. மனுஷனால முடியாது. ஆனா அதுக்கு மருந்து, வேலையில்லாத அலாரத்தை ஒவ்வொண்ணா உக்காந்து பார்த்து, காரணத்தைச் சரி பண்றது. இல்லேன்னா இது அலாரமே இல்லை, வெறும் குறிப்புன்னு தரம் இறக்கறது. "மைனர் எல்லாம் போ"ன்னு மொத்தமா துடைப்பத்தால் தள்ளறது மருந்து இல்லை. 200 ஓம் ஸ்ப்ளிட்டர் வாங்கச் சோம்பேறித்தனம், அதுக்கு அலாரம் அதிகம்னு ஒரு தத்துவம்.

ரெண்டாவது வாதம், "நாங்க கம்ப்ளையன்ட் பாஸ்". ஏப்ரல் 28, 2022ல் செர்ட்-இன் போட்ட உத்தரவுக்கு அப்புறம், எல்லாரும் தங்கள் கடிகாரங்களை என்ஐசி இல்லேன்னா தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட என்டிபி சர்வர்களோட இணைக்கணும், இல்லே அதுங்களோட கோர்த்த சர்வர்களோட இணைக்கணும்னு ஆச்சு. நல்ல உத்தரவு. எக்செல்ல ஒரு டிக் போட்டு முடிச்சுட்டாங்க. இணைச்சது இன்னிக்கும் இணைஞ்சு தான் இருக்கா, விலகினா எத்தனை விலகலுக்கு யாருக்குத் தகவல் போகும்னு கேட்டா, என்னை ஏதோ குடும்ப விஷயம் கேட்ட மாதிரி பார்க்கறாங்க.

மூணாவது, "ராத்திரி ராத்திரி ஆட்டோ பேக்கப் ஓடுது". ஓடுது சாமி. இன்னிக்குத் தப்பா மாத்தினதையும் ராத்திரி பத்திரமா பேக்கப் எடுக்குது. அந்த ஃபைலை ஒரு ஸ்பேர் பெட்டியில திருப்பி ஏத்திப் பார்த்திருக்கீங்களா? ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணின பிறகு பழைய ஃபைலை அது ஏத்துக்குதான்னு பார்த்திருக்கீங்களா? ஏத்திப் பார்க்காத பேக்கப், பேங்க்ல போட்டுப் பார்க்காத செக் மாதிரி. கையில இருக்கும் போது எல்லாரும் பணக்காரங்க தான்.

டேமேஜருக்கு நான் பதில் மெயில் போட்டேன். பட்டன் தர்றேன், ஆனா மாஸ்க் பண்றவர் பேரும் காரணமும் டைப் பண்ணாம அது அழுங்காது. அதிகபட்சம் 30 நாள், அப்புறம் தானா திறந்துக்கும். மாஸ்க் பட்டியல் கான்ஃபிக் ஃபைலோட சேர்ந்து அடுத்த சைட்டுக்குப் போகாது. கேபிள் நீளம், இடம், ஹோல்டோவர் நேரம் மூணும் பொது ஃபைல்ல இருக்காது, சைட்டுக்கு சைட் கையால போட்டாகணும். கூடவே ஒரு யோசனையும் எழுதினேன். வருஷத்துக்கு ஒரு தடவை, சொல்லி வச்சுட்டு, ஒவ்வொரு சைட்லயும் ஆன்டெனா கேபிளைக் கழட்டுங்க. திரையில அலாரம் எத்தனை நிமிஷத்துல வருதுன்னு பாருங்க. இதைப் படிச்ச வாடிக்கையாளர் தரப்பு ஆளு ஒருத்தர் போன் பண்ணினாரு. "ஓடற சிஸ்டத்துல கேபிளைக் கழட்டச் சொல்றீங்களே தம்பி, ஏதாவது ஆயிட்டா?" ஏதாவது ஆகுமான்னு அவருக்கே சந்தேகம் இருக்கு பாருங்க, அதைத் தான் சார் கண்டுபிடிக்கச் சொல்றேன்னேன். போனை வச்சுட்டாரு.

பேச்சுவார்த்தையில 30 நாள் 90 நாளாச்சு. காரணம் டைப் பண்றது கட்டாயம் இல்லைன்னு ஆச்சு (இனி எல்லாரும் ஒரு புள்ளி வச்சுட்டுப் போவாங்க). கேபிள் கழட்டற யோசனை "அடுத்த காலாண்டில் பரிசீலிக்கப்படும்". நான் விடாம பிடிச்சு வாங்கினது ஒண்ணே ஒண்ணு. திரையோட வலது மேல் மூலையில, எத்தனை அலாரம் இப்ப மறைச்சு வச்சிருக்குன்னு ஒரு எண் எப்பவும் தெரியும். முதல் நாளே மூணு இலக்கம். டெஸ்டிங்ல பார்த்தவங்களுக்கு அது ரொம்ப உறுத்துச்சாம்.

நேத்து சாயங்காலம் புது ரிக்வயர்மென்ட் வந்திருக்கு. அந்த எண்ணை மறைக்க ஒரு பட்டன் வேணுமாம்.